அடி ஆழத்துத் தண்ணீர்

என் புதுநன்மைப் போட்டோவில் அம்மா இல்லை. கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாள். வெள்ளை கவுனும் தலையில் முக்காடும் கையில் மெழுகுவர்த்தியுமாக நான் நிற்கிறேன். ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் அத்தை. அத்தை, அதாவது எங்களோடேயே இருந்த அப்பாவின் டீச்சர் அக்கா, அழுது மூக்கு சிவந்து நிற்கிறாள். பக்தியில் அழுகிறாள் என்றுதான் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். பக்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அம்மா வர முடியாமல் போனதற்குத் தான்தான் காரணம் என்று அவளுக்கு நெஞ்சு வெந்துகொண்டிருந்தது.

அம்மாவுக்கு ஏரித் தண்ணீரின் தரத்தைப் பார்க்கிற வேலை. ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருந்துகொண்டு ஏரிக்கா பஞ்சம் என்பீர்கள். நானும் அதைத்தான் கேட்பேன். செம்பாக்கம் ஏரி நடக்கிற தூரம், பள்ளிக்கரணை பஸ்ஸில் போகிற தூரம்.

"இதையெல்லாம் டெஸ்ட் பண்ணக் கூடாதாம்மா?"

"இதைப் பாக்க நிறையப் பேர் இருக்காங்க பாப்பா. அங்க யாருமே இல்ல."

அங்கே என்றால் லடாக்கில், ரோடு முடிந்த பிறகும் குதிரைமேல் சாமானை ஏற்றிவிட்டு நாள்கணக்கில் நடந்து போக வேண்டிய ஏரி. சுற்றுவட்டாரத்தில் ஒரு வீடு கிடையாது, ஒரு சாக்கடை கிடையாது. மனுசக் கை படாத தண்ணீரிலும் காற்றோடும் பனியோடும் என்னென்ன அழுக்கு வந்து சேருகிறது என்று வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே வர வேண்டுமாம். லீவு முடிந்து ஸ்கூல் திறந்தால் எல்லாருடைய அம்மாவும் புத்தகத்துக்கு அட்டை போடுவார்கள். என் அம்மா ரப்பர் படகை மடித்துக்கொண்டிருப்பாள்.

அவள் இல்லாத நாட்களில் அவளுடைய துப்பட்டாவைத் தலையணைமேல் போட்டுத்தான் படுப்பேன். அந்த வயசில் ஏக்கம் என்ற வார்த்தை எனக்குத் தெரியாது. வயிறு வலிக்கிறது என்பேன். அத்தை ஓமத் தண்ணீர் கொடுப்பாள். அது எதற்கும் கேட்காது.

அந்த வருஷம் மட்டும் எனக்குக் கவலை இல்லை. எங்கள் பங்குக் கோயில் திருவிழா அன்று எனக்குப் புதுநன்மை. "முக்காட்டுக்கு நான்தான் பின் குத்துவேன், சத்தியம்" என்று சொல்லிவிட்டுப் போன அம்மா, சொன்னபடியே முன்கூட்டியே வந்து இறங்கினாள். உதடெல்லாம் வெடித்து, முகம் கருத்து, ஒரு ஐஸ்பெட்டியோடு. அன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை லேப் திறக்கிறவரை பாட்டில்களெல்லாம் எங்கள் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். இட்லி மாவுக்கும் கோவளத்து வஞ்சிரத்துக்கும் நடுவில் லடாக் ஏரி உட்கார்ந்தது. ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு ஆழத்துத் தண்ணீர். ஏரியின் நடுவில் படகை நிறுத்தி, கயிற்றில் குழாயை இறக்கி, முதலில் அந்தத் தண்ணீராலேயே பாட்டிலை அலசிக் கொட்டிவிட்டு அப்புறம்தான் பிடிக்க வேண்டும். அதில் அடி ஆழத்துத் தண்ணீர் இருந்த பாட்டிலின் லேபிள், ஐஸ் உருகியதில் ஊறி எங்கேயோ உரிந்து விழுந்துவிட்டது. களைப்பில் அம்மா கவனிக்கவில்லை.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போன கோயில் பெண்களிடம் மாதா தண்ணீர் கேட்டிருந்தாள் அத்தை. "உங்க வீட்லயே குடுத்துடறோம் டீச்சர்" என்று அவர்களும் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பெயரில்லாத பாட்டிலில், கண்ணாடி மாதிரி தண்ணீர்! எங்கள் வீட்டு போர் தண்ணீர் டீ நிறத்தில் வரும். அவ்வளவு தெளிவான தண்ணீர் அந்தத் தெருவுக்கு மாதா புண்ணியத்தில்தான் வர முடியும். அத்தைக்குச் சந்தேகமே வரவில்லை.

அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை சிலுவை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். வீட்டு மூலைகளில் தெளித்தாள். என் நெற்றியில் தடவினாள். அப்பாவின் ஸ்கூட்டருக்கும் கிடைத்தது. மீன் விற்கிற கீழ்வீட்டு அக்காவின் பையன் ஜுரத்தில் கிடந்தான், அவன் வாயில் ஸ்பூனால் ஊற்றினாள். மிச்சத்தை, மோட்டார் ஒழுங்காக ஓடட்டும் என்று சம்ப்புத் தொட்டியில் கவிழ்த்தாள். அடேயப்பா, என்ன ஒரு தாராளம்!

சாயங்காலம் அம்மா காபி குடித்துக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு அக்கா மேலே ஓடிவந்தாள்.

"டீச்சரம்மா! நீங்க குட்த்த மாதா தண்ணி இன்னா பவரு! உள்ள போன ஒடனே புள்ளைக்கி ஜொரம் வுட்டுச்சு. இன்னும் கொஞ்சம் கீதா?"

"எந்த மாதா தண்ணி அண்ணி?" என்றாள் அம்மா.

"அதாம்மா, ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சே. வேளாங்கண்ணிலேர்ந்து வந்தது" என்றாள் அத்தை.

அம்மா எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பிப் பார்த்தாள். "பையனுக்கு வயிறு நல்லாருக்கில்ல?" என்றுதான் முதலில் கேட்டாள். தண்ணீர் கெடாமல் இருக்கச் சில பாட்டில்களில் மருந்து கலந்திருப்பாள்; நல்ல காலம், அது மருந்து கலக்காத பாட்டில். அப்புறம் திறந்த ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தைக்கு விஷயம் புரிந்ததும் "ஐயோ மாதாவே, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பேஸ்ட்டை அதிகம் பிதுக்கினாலே வீட்டை இரண்டாக்குகிறவள் என் அம்மா. இன்றைக்குக் கூரை பறக்கப்போகிறது என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் கத்தவே இல்லை. "விடுங்க அண்ணி, தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றாள். கீழ்வீட்டு அக்காவைப் பார்த்து, "நெஜமாவே ஜுரம் விட்டுச்சா?" என்று சிரித்தாள்.

மறுநாள் காலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டே ஸ்பீக்கரில் தன் ஆபீஸ் சாரிடம் பேசினாள். அவர் தங்கமான மனுஷன். "போனா போகுது மேடம். மத்த பாட்டிலெல்லாம் இருக்கில்ல? அடி ஆழம் மட்டும் இந்த வருஷம் இல்லன்னு போட்டுக்கலாம்" என்றார்.

சீப்பு என் முடியில் அப்படியே நின்றது.

"இல்ல சார். பனி விழறதுக்குள்ள நானே போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"வீட்ல ஃபங்ஷன்னு சொன்னீங்களே?"

"அதுக்குள்ள வந்துடுவேன் சார்."

சீப்பு மறுபடி நகர்ந்தது. நான் புரண்டு புரண்டு அழுதேன். அத்தையோடு பேச்சை நிறுத்தினேன். அத்தை அதைவிட மோசம். "என் தப்புன்னு நானே உங்க சார்கிட்ட சொல்றேன், நீ போவாத" என்று கெஞ்சினாள். "உங்க தப்பே இல்ல அண்ணி. ஆனா போய்த்தான் ஆகணும்" என்றாள் அம்மா. என்ன கடமை உணர்ச்சி என்று எனக்கு அழுகைக்கு நடுவிலும் பெருமையாக இருந்தது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் தியாகத்துக்கு உதாரணம் கேட்டார்கள். எழுந்து நின்று எங்கள் அம்மா என்றேன். வீட்டுக்கு வந்தால் அந்த உதாரணம் கம்பளித் தொப்பியைத் தலையில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தது. "இப்பத்தான் வந்துச்சு, மறுக்கா கெளம்புது. பாவம்" என்றாள் கீழ்வீட்டு அக்கா.

அந்த வருஷம் பனி சீக்கிரமே விழுந்து ரோட்டை மூடிவிட்டது. திருவிழா முடிந்து, கொடி இறங்கி, பந்தலைப் பிரித்த பிறகுதான் அம்மா வந்தாள். முக்காட்டுக்கு அத்தை பின் குத்தினாள். அழுதுகொண்டே என் காதையும் சேர்த்துக் குத்தினாள்.

ஆனால் நான் அதிகம் அழுதது அன்றைக்கு இல்லை, மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் அம்மாவை வழியனுப்பிய அன்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றவள், உள்ளே போகிற முன் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். உதட்டு வெடிப்புகூட ஆறவில்லை. எக்ஸ்கர்ஷன் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த பிள்ளை சிரிக்குமே, அப்படிச் சிரித்தாள். கிறிஸ்துமஸுக்கோ என் பிறந்தநாளுக்கோ அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அது ஒரு தடவையாவது எங்கள் வீட்டுக்குள் நுழையும்போது வராதா என்று பின்னால் எத்தனையோ வருஷம் ஏங்கியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் சட்டையை இழுத்தேன்.

"பாரேன்ப்பா. நாம அழக் கூடாதுன்னு அம்மா எவ்ளோ கஷ்டப்பட்டு சிரிக்கிறாங்க."

அம்மா போய் மறைகிறவரை அப்பா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா பாப்பா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.