ஒரு குழாய் மட்டும் மீந்தது

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் தாராவியில் அவரோடு ஒரே சந்தில் வாழ்ந்தவர்கள். சிலர் ஊரிலிருந்தபடியே செய்தி கேட்டவர்கள். நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஆகையால் தங்கை நான் எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் அண்ணன் பிறந்தார். தோல் பதனிடும் வேலைக்கு வந்த அப்பா எங்களைப் பம்பாய்க்கு அழைத்து வந்தார். அப்பா நெஞ்சுவலியில் போனபின் அண்ணன் மாஹிமில் ஒரு மோட்டார் கராஜில் சேர்ந்தார். நான் பள்ளியை விட்டு நிற்கப் பார்த்தபோது, "நீ படி. வீட்டுப் பாட்டை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். கோபக்காரர். ஸ்பானரை இரவல் வாங்கியவர் திருப்பித் தராவிட்டால் சந்தே கேட்கும்படி சத்தம் போடுவார். அதே மனிதர் மாலையில் அண்ணியிடம் இன்னொரு டீக்குக் கெஞ்சிக்கொண்டிருப்பார்.

உல்லாஸ்நகர் ஜவுளி வியாபாரி ஒருவர், ஊர் திரும்பிய வெள்ளைக்காரரிடம் இருவர் மட்டுமே அமரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தார். மகன் கல்யாணத்தன்று அதில் வர வேண்டும் என்பது அவர் ஆசை. வேறொரு கராஜில் எஞ்சினைக் கழற்றிவிட்டு, மாட்டத் தெரியாமல் கைவிட்டிருந்தார்கள். ரப்பர் குழாய்கள் ஒன்றும் சேராமல் தொங்க, வண்டி அண்ணனிடம் வந்தது. அதற்குரிய புத்தகமும் இல்லை.

அண்ணன் ஒவ்வொரு குழாயாக வாய்வைத்து ஊதி, காற்று எங்கே வருகிறது என்று விரலால் பார்த்தார். டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் குழாய் தெரிந்தது. எஞ்சினுக்குள் சேரும் புகையைத் திரும்ப உறிஞ்சும் குழாயும் தெரிந்தது. கடைசியில் ஒன்று மட்டும் மீந்தது. அது இல்லாமலே வண்டி நன்றாக ஓடியது.

"சல்தா ஹை நா? பஸ்!" என்றார் வியாபாரி, ஓடுகிறதே, அது போதும் என்று. கராஜ் முதலாளியும், "ஓடுத வண்டியை ஏன்டே நோண்டுத?" என்றார்.

"கம்பெனிக்காரன் சும்மாவா ஒரு பைப்பை வச்சிருப்பான்?" என்று அண்ணன் கேட்டார். கல்யாணம் மறுநாள். வண்டியைத் தரமாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளையைத் தனியே விட மனமில்லாமல், "நானே ஓட்டிட்டு வாரேன்" என்று கிளம்பினார்.

செம்பூர் தாண்டி ஒரு லாரி வரிசைக்குப் பின்னால் வெகுநேரம் நின்றபோது பெட்ரோல் வாடை வந்தது. அண்ணன் மாப்பிள்ளையை இறங்கி ஓடச் சொல்லிவிட்டு எஞ்சின் மூடியைத் திறந்தார். தீ அவர் மேல் பாய்ந்தது. மாப்பிள்ளை தன் கல்யாணச் சால்வையைப் போர்த்தித்தான் அதை அணைத்தார்.

ஆஸ்பத்திரியில் எங்களை அவரைத் தொடக்கூட விடவில்லை. அம்மா கதவோரம் நின்றார். அண்ணி விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு, வீசலாமா என்று நர்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பைப்பு எங்கிட்டு போவுது, ஏளா?"

வண்டியில் ரப்பர் எல்லாம் எரிந்துபோயிருந்தது. அவருடன் வேலை பார்த்த மைதீன் அண்ணன், அதே மாதிரி காரைத் தேடிப் பம்பாய் முழுக்க அலைந்தார். மாட்டுங்காவில் ஒரு வீட்டில் அது கிடைத்தது. பார்த்துவிட்டு வந்தவர் வராந்தாவில் என்னிடம், "சொல்லவா வேண்டாமா, தங்கச்சி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அண்ணிதான், "கேட்டுக்கிட்டே இருக்காவ. சொல்லிருங்க" என்றார். மைதீன் அண்ணன் கட்டிலருகே போய்க் குனிந்தார்.

"அண்ணாச்சி, வண்டி ரொம்ப நேரம் நின்னு கார்புரேட்டர்ல பெட்ரோல் மிஞ்சிச்சின்னா கீழ தரைக்கு எறக்கி விடுத பைப்பு அது. இல்லேன்னா சூட்டுக் கொழாய் மேல சொட்டும்."

அண்ணன் கண்களை மூடிக்கொண்டு, "ஓடும்போது சொட்டாதுல்லா. அதான் தெரியல" என்றார். பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர் நிம்மதி அடைந்தாரா, அதிகம் வெந்தாரா என்பதை நாங்கள் அறியோம். அந்த வாரமே போய்விட்டார்.

தெருத் தெருவாய் அலைந்த மைதீன் அண்ணனுக்கும், கல்யாணத்தைத் தள்ளிவைத்து வார்டு வாசலில் எங்களோடு தரையில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைக்கும், அம்மாவைச் சாப்பிடவைத்த பக்கத்து வீட்டாருக்கும், வலி தெரியாமல் கட்டு மாற்றப் பாடுபட்ட நர்சுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. யாராலும் அண்ணனைக் காப்பாற்ற முடியவில்லை. முடியாது என்று தெரிந்தபின்னும் நீங்கள் ஒருவரும் எழுந்து போகவில்லை.