தீவின் ஒதுக்கில்

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறதென்று எங்கள் காஜா பெராங்கில் வீட்டுக்கு வீடு கொடி தைத்துக்கொண்டிருந்த வருஷம், அக்காவின் கணவர் காணாமல் போனார். சுமத்ராவிலிருந்து கரி ஏற்றிவர அவர் போன தொங்காங், அந்தப் பெரிய மரக்கப்பல், திரும்பவில்லை. புயலென்று யாரும் சொல்லவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அக்கா கழுத்தில் தாலி இருந்தது. இன்னும் இருக்கலாமா என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஆறுதல் ஜெபத்துக்குப் பாஸ்டர் வந்தார். சிங்கப்பூரில் கிரேக்கம் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தவர். பவுல் கைதியாகக் கப்பலில் போகும் அதிகாரத்தைத் திறந்தார். கடலுக்குப் பறிகொடுத்த வீட்டில் கடலையே வாசிக்கிறாரே என்று அம்மா என் தொடையைக் கிள்ளினாள். எதிர்க்காற்றில் கப்பல் ஒரு தீவை ஒட்டிப் போகிற இடத்தில் அவர் நிறுத்தினார்.

"இதுக்குக் கிரேக்கத்துல ஒரே வார்த்தைதான். ஹுப்போப்ளேயோ. கீழே கப்பல் ஓட்டுறது."

"எதுக்குக் கீழே? தண்ணிக்கா?" என்றாள் அம்மா.

"ஐயோ, இல்லம்மா! தீவுக்குக் கீழே. அதாவது காத்து அடிக்காத பக்கம். தீவு காத்தைத் தடுக்குது, கப்பல் அதோட மறைவுல மெதுவாப் போவுது."

"இதைப் படிக்கவா சிங்கப்பூர் போனாரு?" அம்மா என் காதில் முணுமுணுத்தாள்.

அடுக்களை வாசலிலிருந்து அக்கா பேசினாள். வாரக்கணக்கில் நாங்கள் கேட்காத குரல். "அப்படி மறைவுல போற கப்பல், கரையிலேருந்து பார்த்தா தெரியுமா பாஸ்டர்?"

அவர் பைபிளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "தெரியாதும்மா. தீவு மறைச்சிரும்."

உண்மையைத்தான் சொன்னார். அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கியது. எனக்கு இறங்கவில்லை. துணி காயப்போடும்போதும் மீன் அரியும்போதும் அவள் எங்களோடு இல்லை, ஏதோ ஒரு தீவின் பின்னால் இருந்தாள். கூப்பிட்டால் அங்கிருந்து வந்துதான் பதில் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு உஜோங் பாசிர் கடற்கரைக்குப் பஸ் ஏறினாள். அங்கே போர்த்துகீசிய வம்சாவளி மீனவர் ஒருவரிடம், புலாவ் பெசார் தீவின் மறுபக்கம் கொண்டுபோகச் சொல்லி மலாயில் கேட்டாள்.

"வலையும் இல்ல, தூண்டிலும் இல்ல. எதைப் பிடிக்கப் போறீங்க?" என்று அவரும் மலாயில் சிரித்தார்.

"என் வீட்டுக்காரரை."

சிரிப்பு நின்றது. எங்களைப் படகில் ஏற்றிப் பாயை விரித்தார்.

வெளிக்கடலில் காற்று முகத்தில் அறைந்தது. தீவைச் சுற்றியதும், யாரோ கதவைச் சாத்தியதுபோல் அடங்கியது. பாய் தொங்கிப்போயிற்று. மரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாய் நின்றன, நடுவே எங்கள் படகும் தலைகீழாய். அந்தப் படகில் மூன்று பேருக்கு மேல் இருப்பதுபோல் தோன்றியது. எண்ணிப் பார்க்கப் பயந்தேன். கப்பல் எதுவும் இல்லை.

"பேரைச் சொல்லிக் கூப்பிடு," என்றார் மீனவர். "என் தம்பியை நான் அப்படித்தான் தேடினேன். இருந்தா பதில் வரும்."

அக்கா அத்தான் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் புருஷன் ஆயுள் குறையும். ஞானஸ்நானத் தண்ணீரிலும் கரையாத பயம் அது. போலீசில் புகார் எழுதப் போனபோதும் பெயர் கேட்டதும் என் விலாவில்தான் இடித்தாள். இப்போதும் இடித்தாள்.

"அத்தான்!" என்று கத்தினேன். தீவு அதை அப்படியே திருப்பித் தந்தது.

"அது உறவு. பேரு?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா கை நீட்டி என்னைத் தடுத்தாள். பிறகு அவளே சொன்னாள். உரக்க அல்ல. சோறு ஆறுகிறது, வாங்க என்பதுபோல. மறுபடியும், முழுப் பெயராக, தகப்பன் பெயரோடு. தண்ணீர் அசையவில்லை. மீனவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். வெகுநேரம் கழித்துத் துடுப்பை எடுத்தார்.

அன்று மாலை அக்கா தாலியைத் தானே கழற்றி அம்மா மடியில் போட்டாள். அழுதது அம்மாதான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பெயர் ஓயவில்லை. உலை கொதிக்கும்போது அக்கா சொன்னாள், தலை வாரும்போது சொன்னாள், மீன்காரனிடம் அத்தானுக்குப் பிடித்த மீனை அவர் பெயரோடு சேர்த்துச் சொன்னாள். இனிக் குறைய ஆயுள் இல்லை, அவளுக்குப் பயமும் இல்லை. கேட்கமுடியாமல் நாங்கள்தான் அறைக்கு அறை எழுந்து போனோம்.