கையெடுத்துக் கும்பிட்டால் குதிரை பாயாது

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் ஒரு பொய் எழுதினேன்.

ஞாபகம் இருக்கிறதா? பயத்தை வெல்வது எப்படி என்று வீரமாக ஆரம்பித்து, குதிரையில் ஏறி, பற்றையும் பள்ளமுமான வெளியில் ஓடி, வழியில் கிடந்த தென்னங்குற்றியை ஒரே பாய்ச்சலில் தாண்டியதாக அளந்திருந்தேன். குதிரை ஏறியது உண்மை. ஓடியது உண்மை. குற்றி கிடந்ததும் உண்மை. தாண்டியதுதான்... கட்டுரையின் முடிவு கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டுமே என்று நானாகச் சேர்த்தது.

எனக்கு ஏன் குதிரை? சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னார். வெள்ளவத்தையில் நடப்பது என்றால் மரைன் ட்ரைவ். பின்னேரத்தில் அங்கே வருபவர்களில் பாதிப் பேர் நடக்க வருவதில்லை. கனடாவில் மகன் வாங்கிய வீட்டில் எத்தனை அறை என்று சொல்ல வருகிறார்கள். ஒரு சுற்று நடந்தால் மூன்று வீடு கூட்டித் துடைத்த களைப்பு வரும். அதைவிடக் குதிரை மேல் என்று தோன்றியது. குதிரைக்குக் கனடாவில் யாரும் இல்லை.

"ஐம்பத்திரண்டு வயசிலை குதிரையோ? உங்களுக்கென்ன விசரே?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான்.

அவிசாவளைப் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு காணியில் ஞாயிறு காலைகளில் பயிற்சி. மாஸ்டர் பெயர் துவான். கொம்பனித்தெரு மலாய்க்காரர், ஒரு காலத்தில் குதிரைப் பொலிஸில் இருந்தவர். எனக்கு வாய்த்தது ராணி — குதிரைப் பந்தயத்தில் இருந்து ஓய்வுபெற்ற பெண்குதிரை. மதியச் சாப்பாட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கவுண்டருக்கு வந்தவனை வங்கிக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வைதான் அதன் முகத்தில் எப்போதும்.

காணியில் வரிசையாகத் தடைகள். பழைய டயர்கள், ஒரு வாய்க்கால், ஒரு பற்றை வேலி. எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் குற்றி. என் முழங்கால் உயரம்கூட இல்லை. தரையில் நின்று பார்த்தால் ஓர் எட்டு, அவ்வளவுதான். குதிரைமேல் உட்கார்ந்து பார்த்தால் மட்டும் அது ஏன் வளர்கிறது?

ஒவ்வொரு வாரமும் ஒரே கதை. ராணி நன்றாகத்தான் ஓடி வரும். குற்றிக்கு நாலடி இருக்கும்போது இடப்பக்கம் வெட்டித் திரும்பி நின்றுவிடும். சில நாட்களில் ராணி நின்ற பிறகும் நான் கொஞ்சத் தூரம் தனியாகப் போயிருக்கிறேன்.

"குதிரைக்கு ஒங்கட வயித்துக்குள்ள நடக்கிறது எல்லாம் வெளங்கும், சேர். நீங்க நம்பினாத்தான் அதுவும் நம்பும்" என்பார் துவான்.

என்னிடம் வேறு காரணங்கள் இருந்தன. சேணம் சரியில்லை. காற்று எதிர்ப்பக்கம். ராகுகாலம்... ஞாயிறு காலையில் ராகுகாலம் வராது என்று மனைவி கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தே காட்டினாள்.

இந்த லட்சணத்தில்தான் அந்தப் பத்தியை எழுதினேன். அது வெளிவந்த மறுவாரம் ஒரு போன்.

"நான் ரீற்றா. கொட்டாஞ்சேனையில இருந்து கதைக்கிறேன். உங்கட பத்திய வெட்டி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன்."

கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க்காக இருக்கிறார். கணவர் இறந்து ஒரு வருடம். அவர் ஆசையாக வைத்திருந்த கார் வீட்டு வாசலில் துணி போர்த்தபடி நிற்கிறது. லைசென்ஸ் எடுப்பதற்கான ட்ரையலில் ரீற்றா மிஸ் மூன்று தரம் பெயில்.

"திங்கட்கிழமை நாலாவது தரம். போறதுக்கு முன்னுக்கு, நீங்க அந்தக் கட்டையப் பாயிறத ஒருக்கா கண்ணால பார்க்கணும். பார்த்தா எனக்குத் தைரியம் வரும். இல்லாட்டி அவருட கார வித்திட்டு பஸ்ஸிலயே போறேன்."

ஒரு யோக்கியன் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பான்? நான் "கட்டாயம் வாங்கோ மிஸ்" என்று சொன்னேன்.

போன ஞாயிறு, சேர்ச்சில் முதல் பூசை முடிந்த கையோடு வந்துவிட்டார். கையில் ஒரு டப்பா நிறைய மீன் பணிஸ். "பாய்ஞ்ச பிறகு சாப்பிடலாம்" என்று சொல்லி, குற்றிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

முதல் தரம், ராணி இடப்பக்கம் வெட்டியது. சிரித்துச் சமாளித்தேன். "வோர்ம் அப்" என்றேன். இரண்டாம் தரம், ராணி நின்றது. நான் அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

ரீற்றா மிஸ் திறந்து வைத்திருந்த டப்பாவை மெல்ல மூடினார். அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விழுந்து எழும்பியபோதெல்லாம் வராத வெட்கம். இறங்கிப் போனேன்.

"மிஸ், நான் இதை ஒருநாளும் பாயவில்லை. எழுதினது பொய்."

"ஒருநாளும்?"

"ஒருநாளும்."

"நான் ரெண்டு வாரமா ஃப்ரிட்ஜத் திறக்கிற நேரமெல்லாம் அத வாசிக்கிறேன்" என்றார். குரல் உயர்ந்தது. கோபம்தான். வாங்கிக்கட்ட வேண்டியவன் நான்தானே? ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவரே கேட்டார்.

"அது கிடக்கட்டும். ஒண்டு சொல்லுங்க. ரெண்டு தரமும் கட்டைக்குக் கிட்ட வந்தோடன ஏன் கும்பிட்டீங்க?"

"நானா? கும்பிட்டேனா?"

"ஓம். வலது கையை எடுத்து நெஞ்சில வச்சீங்களே."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முப்பது வருடமாக வெள்ளவத்தைக் காலி வீதியில் பஸ்ஸில் போய்வருகிறேன். கோயிலடி வந்தால் பஸ்ஸில் பாதிப் பேரின் கை, பிடித்திருக்கும் கம்பியை விட்டுவிட்டு நெஞ்சுக்குப் போகும். போன் கதைப்பவர் கதைத்துக்கொண்டே தொடுவார், தூங்குகிறவர் தூங்கிக்கொண்டே தொடுவார். என் கையும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த கைதான். குற்றியைக் கண்டதும் அது என்னைக் கேட்காமலே பிள்ளையாரிடம் போயிருக்கிறது.

இவ்வளவு நாளும் என் முதுகுக்குப் பின்னால் நின்று கத்திய துவான் மாஸ்டர் தலையில் கை வைத்தார்.

"அல்லாவே! கடிவாளத்தில வலது வார் லூஸ், இடது வார் இறுக்கம். குதிரை இடப்பக்கம் போகாம எங்க போகும், சேர்? அது நீங்க சொன்னதத்தான் செஞ்சிருக்கு!"

பாவம் ராணி. இத்தனை வாரமாக அதைக் கோழை என்று வீட்டில் திட்டிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு கையாலயும் பிடரி மயிரப் பிடிங்க. கட்டையப் பார்க்க வாணாம், அதுக்கு அங்கால பாருங்க. கும்பிடணுமெண்டா வாயால கும்பிடுங்க" என்றார் துவான்.

மறுபடி ஏறினேன். குற்றிக்கு அப்பால் ரீற்றா மிஸ் போய் நின்றார், டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி. டப்பாவைப் பார்த்துக்கொண்டே போனேன். வலக்கை துடித்தது — சத்தியமாகத் துடித்தது. விடவில்லை. "பிள்ளையாரே!" என்று காணி அதிரக் கத்தினேன். வயிறு ஒரு தரம் மேலே போய்க் கீழே வந்தது. கண்ணைத் திறந்தால் குற்றி எனக்குப் பின்னால் கிடக்கிறது. ஒரு கால் சேண வளையத்தில் இல்லை, ஹெல்மெட் மூக்கில் இருக்கிறது, ஆனால் நான் குதிரைமேல் இருக்கிறேன்!

ரீற்றா மிஸ் கைதட்டவில்லை. தன் வலக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ட்ரையல் ரோட்டில மூணு சந்தி" என்றார் மெதுவாக. "மூணு சந்தியிலயும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள மாதா நிக்கிறா. ஒவ்வொரு தரமும் சிலுவை போட்டிருக்கேன்... ஸ்டீயரிங்க விட்டிட்டு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு மீன் பணிஸ் சாப்பிட்டோம்.

பக்தியில் குறை சொல்ல வரவில்லை. பயம் வரும் நேரத்தில்தான் நமக்குக் கடவுள் ஞாபகம் வருகிறது. அதே நேரத்தில்தான் எதையாவது இறுக்கிப் பிடிக்கவும் வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே கைதான்.

புதன்கிழமை போன் வந்தது.

"ட்ரையல் பாஸ்! அவருட காருக்குள்ள இருந்துதான் கதைக்கிறேன். பயப்படாதீங்க, நிப்பாட்டிட்டுத்தான்."

"மாதா?"

"திரும்பியே பார்க்கல்ல. இண்டைக்கு வந்து, காரை நிப்பாட்டி, இறங்கி, ஆறுதலா மன்னிப்புக் கேட்டிட்டேன்."

ஃப்ரிட்ஜில் இருக்கும் என் பொய்யை இனிக் கிழித்துப் போட்டுவிடுங்கள் என்றேன்.

"ஏன் கிழிக்கணும்? திகதிய மட்டும் பேனாவால வெட்டிப் போன ஞாயிறு எண்டு எழுதியிருக்கேன்."

ஆகவே வாசகர்களே, அந்தப் பத்தி பொய் அல்ல... கொஞ்சம் முந்தி அச்சாகிவிட்டது, அவ்வளவுதான்.