கொடியேற்றத்தன்று மேனகா வாசித்த அறிவிப்பு

மேனகா ஆபாசப் படத்தில் நடித்தார் என்று மாத்தளையில் இன்றும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அவர் எதிலும் நடிக்கவில்லை. அது ஆபாசப் படமும் இல்லை. வெளிநாட்டில் பெரியவர்களுக்கென்று வரையப்பட்ட ஒரு நகைச்சுவைத் தொடர். இணையத்தில் பணம் கட்டிப் பார்ப்பவர்களுக்காக அதைத் தமிழில் பேச வைத்தார்கள். அதில் ஒரு பாத்திரத்துக்கு மேனகா குரல் கொடுத்தார். நடந்தது இவ்வளவுதான். இதற்கு எங்கள் கோவில் நிர்வாக சபை அவருக்குச் செய்ததை, சபையின் செயலாளராக எல்லாக் கூட்டங்களிலும் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

மேனகா எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தார். மேனகா உயர்தரம் படித்துவிட்டு டவுனில் ஒரு புடைவைக் கடையில் சேர்ந்தார். ஒரு தீபாவளி விற்பனைக்கு மைக்கில் கூவ வேண்டியவன் வராமல் போக, முதலாளி மைக்கை இவர் கையில் கொடுத்திருக்கிறார். மற்றக் கடைக்காரர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது, இவர் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுவது போலப் பேசினார். "உள்ள வந்து தொட்டுப் பாருங்க, வாங்காட்டியும் பரவால்ல, வெயில்ல நிக்காதீங்க." தெருவே அந்தக் கடைக்குள் போனது. அதைக் கேட்டுத்தான் எங்கள் கோவிலுக்கு அறிவிப்புச் செய்ய அழைத்தோம். பெரிய கோவில் அல்ல, பெயரை இங்கே எழுதத் தேவையில்லை. ஆனாலும் தேரன்று சுற்றியுள்ள தோட்டமெல்லாம் இறங்கி வரும்.

கூட்டத்தில் பிள்ளை காணாமல் போனால் அவர் அறிவிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். "ரத்தோட்டையிலிருந்து வந்த அம்மா, உங்கள் மகள் மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அழவில்லை. ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். ஓடாமல் நடந்து வாருங்கள்." நகை தொலைந்தாலும், கடலைக்காரர் வழியை மறித்தாலும், பூசை நேரம் மாறினாலும் அதே குரல்தான். சம்பளம் கிடையாது. ஒரு சேலையும் பிரசாதமும் கொடுப்போம்.

கண்டியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் ஒருவர் தேருக்கு வந்தபோது இந்தக் குரலைக் கேட்டிருக்கிறார். முதலில் விளம்பரங்கள் கொடுத்தார். பிறகு இந்தத் தொடர் வந்தது.

தொடரில் வாடகைக்கு அறைகள் விடும் ஒரு வீடு வருகிறது. வீட்டுக்காரி மாட்டில்டா ஐம்பதைத் தாண்டியவள், பருமனானவள், வாய்க்காரி. கணவனோ கூச்ச சுபாவம். தாம்பத்தியம்தான் அதில் சிரிப்புக்குப் பொருள். நான் சில பாகங்களைப் பார்த்தேன். பார்க்காமல் கருத்துச் சொல்வதில்லை. ஒன்றில், கணவன் மருந்துக் கடைக்குப் போய் ஆணுறை கேட்க வெட்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்புகிறான். கடைசியில் வீட்டில் எந்த அலமாரியைத் திறந்தாலும் இருமல் மிட்டாய் கொட்டுகிறது. இன்னொன்றில், கணவனும் மனைவியும் ஒரு மாலை தனியாக இருக்கப் பார்க்கிறார்கள். அறைவாசிகள் ஒருவர் மாற்றி ஒருவராகக் கதவைத் தட்டுகிறார்கள். "இந்த வீட்டுல எல்லாருக்கும் எல்லாச் சத்தமும் கேக்குது, நான் கூப்பிடறது மட்டும் உங்களுக்குக் கேக்கல" என்று மாட்டில்டா சொல்வது மேனகாவின் குரல். சில இடங்களில் நான் முகம் சுளித்தேன். இரட்டை அர்த்தத்தை மட்டுமே நம்பி எழுதிய காட்சிகளும் உண்டு. ஆனால் வளர்ந்தவர்கள் பார்த்துக் கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் பார்க்க வேண்டியதும் அல்ல. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதை எங்கள் சபைக்கு விளங்க வைக்க முடியவில்லை.

மேனகா எல்லாவற்றுக்கும் தலையாட்டியவரும் அல்ல. ஒரு பாகத்தில் அறைவாசி ஒருவன் மாட்டில்டாவின் பின்பக்கத்தில் தட்ட, எல்லாரும் சிரிக்க, அவளும் சிரிக்க வேண்டும். மேனகா சிரிக்க மறுத்துவிட்டார். "ஆசப்பட்டுப் பேசறதச் சிரிச்சுக்கிட்டே பேசுவேன் சார். கேக்காமக் கை வைக்கிறவனுக்கு என் சிரிப்பு கெடைக்காது" என்று ஒலிப்பதிவுக் கூடக்காரரிடம் சொன்னாராம். அந்த இடத்தில் அவள் அவனைத் திட்டுவதாக மாற்றினார்கள்.

அவருடைய கணவர் தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி லொறி ஓட்டுபவர். முதல் பாகத்தைப் போனில் பார்த்துவிட்டு, "வீட்டுல திட்டறது காணாதுன்னு இப்ப அதுலயும் புருசனத் திட்டுறியா?" என்று கேட்டாராம். அந்த வீட்டில் எழுந்த ஆட்சேபம் அது ஒன்றுதான்.

இனி உதயராஜுக்கு வருகிறேன். டவுனின் ஒரு பகுதிக்குக் கேபிள் இணைப்புக் கொடுப்பவர் அவர். சொந்தமாக ஓர் ஊர்ச் சேனலும் நடத்துகிறார். பின்னேரம், பிள்ளைகள் பள்ளி விட்டு டியூஷன் போகுமுன், 'மழலை நேரம்' என்று ஒன்று வைத்திருக்கிறார். யாரோ பென்டிரைவில் திருட்டுப் பிரதியாகக் கொடுத்த இந்தத் தொடரை அந்த நேரத்தில் போட்டார். ஏன்? கோடு போட்டு வரைந்த படம் என்பதால். வரைந்ததெல்லாம் பிள்ளைகளுக்கு என்பது அவருடைய கணக்கு. ஒவ்வொரு பாகத்தின் தொடக்கத்திலும் இது வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று தமிழிலேயே எழுத்து வருகிறது. அந்தத் தொடக்கத்தை வெட்டிவிட்டு அவர் நகைக்கடை விளம்பரம் போட்டார். எச்சரிக்கையைப் பார்க்கவில்லை என்று அவர் சொல்ல முடியாது. பார்க்காமல் வெட்ட முடியாது.

பிள்ளைகள் பார்த்தார்கள். வீடு வீடாகக் கேள்வி கேட்டார்கள். டவுனில் மேனகாவின் வீட்டுக்குக் கீழே தையல் கடை வைத்திருக்கும் கைறுன்னிஸா என்னிடம் சொன்னார்: "எங்கட சின்னவன் கேக்குறான், உம்மா, அந்த மாமா ஏன் மருந்துக் கடையில வெக்கப்பட்டாருன்னு. நான் என்னத்தச் சொல்லுற? இருமல் கூடிப் போச்சு வாப்பான்னேன். அப்புறம் உதயராஜுக்குப் போனப் போட்டு நல்லாக் கிழிச்சேன். படத்த எடுத்து ராவைக்குப் போடு, இல்லாட்டி வயரப் புடுங்கி ரோட்டுல எறிவேன்னேன். மேனகாவ ஏன் ஏசணும்? கத்திய செஞ்சவனயா புடிப்பாங்க, புள்ள கையில குடுத்தவனப் புடிக்கிற இல்லையா?"

கைறுன்னிஸாவுக்கு விளங்கியது எங்கள் சபையில் இருந்த படித்த மனிதர்களுக்கு விளங்கவில்லை. மாட்டில்டா பேசியது கோவில் மைக்கில் பேசும் குரல் என்று யாரோ கண்டுபிடித்ததும் உதயராஜை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அந்த வருடத் திருவிழாவுக்கு ஒலிபெருக்கிச் செலவை உதயராஜ் ஏற்றிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

தலைவர் மகேஸ்வரன் இரும்புக் கடை வைத்திருப்பவர். அவசரக் கூட்டம் கூட்டி மேனகாவையும் வரச் சொன்னார்.

"தங்கச்சி, அம்மனுக்கு முன்னுக்கு நின்னு பேசற வாயி அது. அந்த வாயால அப்பிடியெல்லாம் பேசலாமா?" என்று தொடங்கினார்.

"எப்பிடியெல்லாம் அண்ணே?"

"அதான்... அந்த மருந்துக் கடை. அப்புறம் அந்தக் குளியலறைக் கதவு. அந்தப் பல்லுக் கட்டின கெழவன் கட்டில ஒடைக்கிறது..."

"கட்டில் ஒடையறது கடைசிப் பாகத்துல. அது இன்னும் கேபிள்ல வரல்ல. எங்க பாத்தீங்க?"

உறுப்பினர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். "அவருக்கும் அந்த மிட்டாய் ஒண்ணு குடுங்க" என்றார் மேனகா. அதன் பிறகு கூட்டத்தில் ஒழுங்கு இருக்கவில்லை. இருந்தாலும் தீர்மானம் நிறைவேறியது. அவரை மைக்கிலிருந்து எடுப்பதாக முடிவு செய்தார்கள். நானும் இன்னும் ஒருவரும் மட்டுமே எதிர்த்தோம். உதயராஜ் மீது என்ன நடவடிக்கை என்று கேட்டேன். "அது வேற விசயம் சார், அது வியாபாரம்" என்றார் தலைவர். பிள்ளைகளுக்கு அதைக் காட்டியது வியாபாரமாம். வளர்ந்தவர்களுக்காகப் பேசியது பாவமாம். இதைவிட அநியாயமான ஒரு வாக்கியத்தை அந்த மண்டபத்தில் நான் கேட்டதில்லை.

எங்கள் கோவிலில் ஒரு வழமை உண்டு. முன்னொரு காலத்தில் ஒரு குடும்பத்தின் குடை பிடிக்கும் உரிமையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, அதனால் பெரிய சண்டை வந்து, தேர் பாதி வழியில் நின்றது. அன்றிலிருந்து, யாருடைய பணியை எடுத்தாலும் கொடியேற்றத்தன்று, கொடி ஏறுமுன், எல்லார் முன்னிலையிலும் காரணத்தோடு மைக்கில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் பணி அவருடையதுதான்.

தலைவர் மேனகாவின் வீட்டுக்கே போனார். நானும் கூடப் போனேன். "ஒடம்பு சரியில்ல, நானே வெலகுறேன்னு ஒரு வார்த்த சொல்லிரும்மா. ஒன் மானமும் போகாது, எங்க மானமும் போகாது" என்றார்.

"எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. நீங்க எடுக்கிறதா இருந்தா, எடுத்தேன்னு சொல்லுங்க. எதுக்குன்னும் சொல்லுங்க."

"சனத்துக்கு முன்னால அதச் சொல்ல முடியுமா?"

"அப்ப எடுக்காதீங்க. எனக்கு அந்த மைக்கு வேணும் அண்ணே. கண்டியில காசு தாராங்க, ஆனா அங்க கண்ணாடிக்குள்ள தனியாப் பேசணும். இங்கதான் நான் பேசறதக் கேட்டுச் சனம் திரும்பிப் பாக்குது."

தலைவர் தானே அறிவிப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். படியிறங்கும்போது என்னிடம் முணுமுணுத்தார்: "எப்பிடி சார் எழுதறது அத?" நான் உதவவில்லை.

கொடியேற்றத்தன்று வெளிவீதி நிறைந்திருந்தது. ஐயர் ஆயத்தமாக நின்றார். மேனகா வழக்கம் போல மேடைக்கு வந்து ஓரமாக நின்றார். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"மெய்யன்பர்களே! இதுவரை காலமும் அறிவிப்புப் பணி செய்து வந்த மேனகா அவர்கள்... ஒரு... ஒரு பொம்மைப் படத்தில்..."

"என்ன பொம்மைப் படம்?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சில... சில தேவையில்லாத..."

"தலைவரே, சத்தமாச் சொல்லுங்க, இங்க கேக்கல!" என்று பெண்கள் பக்கமிருந்து வந்தது. சிரிப்பு எழுந்தது.  தலைவர் கையிலிருந்த கடதாசியைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. மைக்கை மேசையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார்.

வழமைப்படி அந்த இடத்தில் தீர்மானம் செத்துவிட்டது. மேனகா பேசாமல் நின்றிருந்தால் போதும், பணி அவரிடமே இருந்திருக்கும். நான் அவரிடம் போய் அதைச் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார். "ஆனா இப்பிடியே விட்டா நாளைக்கு ஒவ்வொரு வாயிலயும் ஒவ்வொரு கதையா வரும். ஏதோ செய்யக்கூடாதது செஞ்சேன்னு எம் மகள் கேக்கணுமா?"

போய் மைக்கை எடுத்தார். பிள்ளை காணாமல் போனதை அறிவிக்கும் அதே குரலில், ஒரு சொல்லையும் விழுங்காமல் அறிவித்தார்:

"அறிவித்தல். இந்த ஆலயத்தில் ஒலிபெருக்கிப் பணி செய்து வந்த மேனகா இன்று முதல் அப்பணியிலிருந்து நீக்கப்படுகிறார். காரணம், பெரியவர்களுக்கான ஒரு சித்திர நகைச்சுவைத் தொடரில், கணவனிடம் ஆசையாகப் பேசும் ஒரு மனைவிக்கு அவர் குரல் கொடுத்தார். அதைப் பிள்ளைகளின் நேரத்தில் ஒளிபரப்பியவர் அவர் அல்லர்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நாதஸ்வரக்காரர்கூடக் குழலைக் கீழே இறக்கியிருந்தார். மேனகா மைக்கை மேசையில் வைத்தார். தலைவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவசரமாகக் கிட்ட வந்து ஒரு கடதாசியை நீட்டினார்.

"நல்லதும்மா. அப்பிடியே இந்த உபயகாரர் பேரையும் வாசிச்சிட்டுப் போயிரு. நேரமாகுது."

மேனகா அந்தக் கடதாசியைத் தொடவில்லை.

"இன்று முதல்னு இப்பத்தானே வாசிச்சேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு, மேடையிலிருந்து இறங்கிப் பெண்கள் பக்கம் போய் நின்று கைகூப்பினார்.

தலைவர்தான் வாசித்தார். முதற் பெயர் உதயராஜுடையது.