கத்தி படாத தலை

மைசூர் சமஸ்தானமாக இருந்த காலத்தில், நான் அங்கே சர்க்கார் குமாஸ்தாவாக வேலை பார்த்தபோது, ஒரு தசராவுக்கு முந்தைய வாரங்களில் இது நடந்தது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த ஒரு தெருவில் வாடகை வீடு. நானும் என் மனைவியும் மட்டும்தான். என் பெற்றோர் இல்லை. அவளுக்கும் தாய் இல்லை.

முதலில் என் தலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் எங்களவர்கள் எல்லோருக்கும் குடுமி. பின்னால் குடுமியை விட்டு, முன்தலையையும் பக்கங்களையும் மழித்துக்கொள்ள வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளும் கிராப்பு அப்போதுதான் ஊரில் ஒன்றிரண்டு தலைகளில் தெரியத் தொடங்கியிருந்தது. எங்கள் தெருவில் யாரும் துணியவில்லை. என் தோலுக்கோ கத்தி ஆகாது. மழித்த அன்று மாலையே எரிச்சல் தொடங்கும். மறுநாள் வேர்க்குரு மாதிரிச் சிவந்து கிளம்பும். ஆபீஸில் பேட்டா என்கிற சரிகைத் தலைப்பாகை கட்டாயம். அதற்குள் வியர்வை ஊறி, உராய்ந்து, கொப்புளங்கள் நீர் கோத்துக்கொள்ளும். அவை ஆறுவதற்குள் அடுத்த சவர நாள் வந்துவிடும்.

தேங்காயெண்ணெய், சந்தனம், ஆஸ்பத்திரிக் களிம்பு, எனக்கென்று தனிக் கத்தி, எல்லாம் பார்த்தாயிற்று. வீட்டுக்கு வரும் நாவிதர் மெல்லிய கைக்காரர். “ஏனு சாமி, இது தலையா வெண்ணெயா? கத்தியக் காட்டினாலே கரையுதே!” என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. சவரத்துக்கு முந்தின இரவு நான் சரியாகத் தூங்கியதே இல்லை.

இதிலிருந்து தப்ப ஒரே ஒரு வழி இருந்தது. மனைவி கருவுற்றிருக்கும்போது கணவன் சவரம் செய்துகொள்வதில்லை. தலைமுடியையும் தாடியையும் வளர விடுவான். தீட்சை என்பார்கள். தாடியைப் பார்த்தாலே ஊருக்கு விஷயம் விளங்கிவிடும்.

என் மனைவி உண்டாகியிருப்பதாகச் சொன்னபோது என் மனதில் முதலில் எழுந்தது குழந்தையின் நினைவு அல்ல. இனிப் பல மாதங்களுக்குக் கத்தி இல்லை என்பதுதான். அதை அவளும் கண்டுகொண்டாள். “குழந்தை எனக்கா, உங்க தலைக்கா?” என்று கேலி செய்தாள். ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தேதார் என் தாடியையும் பேட்டாவையும் பார்த்து, “கீழே ரிஷி, மேலே சர்க்கார்!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து முதல் முறையாக என் தலை எரியாமல் இருந்தது.

நான்காம் மாத முடிவில் ஒரு மத்தியானம் கரு கலைந்துவிட்டது. மண்டி மொஹல்லாவிலிருந்து மருத்துவச்சியை ஜட்கா வண்டியில் அழைத்து வந்தேன். தெருவே உறங்கிக்கொண்டிருந்த நேரம். மாலைக்குள் எல்லாம் முடிந்து மருத்துவச்சி திரும்பிப் போய்விட்டாள்.

என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வெகுநேரம் கழித்து, “ஏன்னா, தெருவுல இருக்கறவாகிட்ட நீங்களே சொல்லிடுங்கோ. ஒவ்வொருத்தரா வந்து கேட்டா என்னால பதில் சொல்ல முடியாது” என்றாள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டு மாமியிடம் சொல்லத்தான் படியிறங்கினேன். வழியில் நாவிதர் எதிர்ப்பட்டார். “இன்னும் எத்தனை மாசம் சாமி? உங்க கத்தி துருப் பிடிக்குது” என்றார். அவர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் என் தலைத்தோல் சுருங்கியது. சொன்னால் தீட்சை அன்றோடு முடிந்தது. தசரா நெருங்கிக்கொண்டிருந்தது, நாள் முழுக்கப் பேட்டாவோடு வெயிலில் நிற்கிற வேலைகள் வரும். “இருக்கு, பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு அப்படியே ஆபீஸுக்குப் போய்விட்டேன். தசரா முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் யாரென்று ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன். எதிர்வீட்டு மாமி ஒரு நாள் ரசம் கொண்டுவந்து கொடுத்து, “நன்னாப் படுத்துக்கோம்மா, ஒண்ணும் வேலை செய்யாதே” என்று சொல்லிப் போனாள். நான் உள்ளே கதவோரம் ஒட்டிக் கேட்டுக்கொண்டு நின்றேன். மாமி போனதும் என் மனைவி சொன்னாள்: “எவ்வளவு இங்கிதமா இருக்கா பாருங்கோ. ஒரு வார்த்தை கேக்கலை.”

தாடியைப் பற்றி அவள் கேட்டுவிடுவாளோ என்றும் பயந்தேன். அவள் கேட்டது வேறு. ஒரு நாள் என் கன்னத்தைத் தொட்டு, “இப்படி இடிஞ்சு போயிடாதீங்கோ. சவரமாவது பண்ணிக்கப்படாதா?” என்றாள். துக்கத்தில் நான் என்னைக் கவனிக்காமல் இருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். எனக்குத் துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் தாடி அதனால் அல்ல. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அவள் துக்கம் என்றே எடுத்துக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை எதிர்வீட்டு மாமி தெருவில் என்னை நிறுத்தினாள். “ஏண்டாப்பா, அஞ்சாம் மாசம் வந்துடுத்தே. தாயில்லாப் பொண்ணு, நாங்கள்ளாம் சேர்ந்து வெள்ளிக்கிழமை பூச்சூட்டிடறோம். அவகிட்ட மூச்சு விடாதே, திடீர்னு வந்து நிக்கப்போறோம்.”

வேண்டாம் மாமி, அவளுக்கு உடம்பு சரியில்லை என்று குழறினேன்.

“போடா, உனக்கு வெட்கம்! நீ ஆபீஸுக்குப் போ. நாங்க பாத்துக்கறோம்.”

அந்தத் தெருவில் நின்றபடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமை முழுவதும் இருந்தது, அன்றும் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை காலை மாமி வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே பெண்கள் பூத்தொடுத்துக்கொண்டு பாடும் சத்தம் கேட்டது. திரும்பிவிட்டேன். மதியம் அனுமதி கேட்டுச் சீக்கிரம் கிளம்பி, அவர்கள் வருவதற்குள் மனைவியிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். அனுமதி கேட்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. ஜட்காக்காரனை விரட்டிக்கொண்டு வந்தேன்.

தெருமுனையிலேயே மல்லிகை வாசனை. எங்கள் வாசலில் வரிசையாகச் செருப்புகள்.

கூடத்தில் மணை போட்டிருந்தார்கள். தட்டுகளில் வளையல், குங்குமம், பழம். ஒரு கூடை நிறையப் பூ. மாமி என் மனைவியின் தோளைப் பிடித்து, “உக்காருடி, என்ன முழிக்கறே?” என்று அழுத்திக்கொண்டிருந்தாள். என் மனைவி எல்லோருடைய தலைக்கும் மேலாக என்னைப் பார்த்தாள். பிறகு என் தாடியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வருவது எனக்குத் தெரிந்தது.

“மாமி, அது தங்கலை. போயிடுத்து. மூணு வாரம் ஆச்சு” என்றாள்.

யாரோ கையிலிருந்து வளையல் தட்டு சரிந்து சத்தம் எழுந்தது. “அப்போ இவன் தாடி?” என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிலைப்படியைத் தாண்டாமலே நின்றேன்.

“அவரை ஒண்ணும் சொல்லாதீங்கோ. யாருக்கும் தெரிய வேண்டாம்னு நான்தான் சொன்னேன்” என்றாள் என் மனைவி.

“நன்னாருக்கு! பூவும் வளையலுமா இத்தனை பேரை அலைய விட்டிருக்கியே, ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?” என்று ஒருத்தி வெடித்தாள். ஒவ்வொருவராகத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். மாமி மட்டும் சிறிது நேரம் என் மனைவியின் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பூவைத் திரும்ப எடுத்துப் போவதா, வைத்துவிட்டுப் போவதா என்று மாமிக்குத் தெரியவில்லை. கூடையை மூலையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று இரவு நான் எதையும் சொல்வதற்கு முன் அவளே சொன்னாள்: “எனக்குப் புரியறதுன்னா. துக்கத்துல வாய் வந்திருக்காது உங்களுக்கு.”

நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் நானே நாவிதரைக் கூப்பிட்டனுப்பி மழித்துக்கொண்டேன். வழக்கம்போலத் தலை நெருப்பாக எரிந்தது. அவள் எழுந்து வந்து, சந்தனம் அரைத்துத் தன் கையாலேயே என் தலையில் பூசினாள். அந்த நவராத்திரியில் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில்தான் அவளை மஞ்சள் குங்குமத்துக்கு அழைத்தார்கள். ஊர் முழுவதும் விளக்கு அலங்காரம் ஜொலித்த இரவுகளில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எங்களுக்குப் பெண்கள் பிறந்தார்கள். சில வருஷங்களில் கிராப்பு சாதாரணமாகி, கத்தரிக்கோலோடு என் தொல்லையும் தீர்ந்தது. ஆனால் என் மனைவி அந்தக் கதையை விடவில்லை. பெண்களிடம், “முதல் குழந்தை போனப்போ உங்கப்பா தாடியைக்கூட எடுக்கலை, யார்கிட்டயும் வாயைத் திறந்து சொல்லக்கூட அவரால முடியலை. அப்படிப்பட்ட மனசு” என்று பெருமையாகச் சொல்வாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் போய்ச் சேரும்வரை நான் திருத்தவில்லை.

இப்போது என் பெண்கள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். கேட்கப் பொறுக்காமல் நான் எழுந்து வெளியே போகிறேன். தாத்தாவுக்கு இன்னும் தாங்கவில்லை என்று அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தலை எரிச்சலுக்குப் பயந்து வளர்த்த தாடிக்கு இத்தனை வருஷம் மரியாதை வாங்கிவிட்டேன். யாரிடம் இதை முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ அவள் இல்லாத பிறகு எழுதுவதால் அது தீருமா என்று எனக்குத் தெரியவில்லை.