டீச்சர் அட்டை

என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. அவள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

அவளுக்கு ஒன்பது வயதானபோது, மும்பை மாட்டுங்காவில் அவள் படித்த பள்ளியில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, இனிமேல் அனுப்ப வேண்டாம் என்றார்கள். மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வேறு இடம் பார்ப்பதுதான் அவளுக்கே நல்லதாம். டீ கொடுத்து வெளியே தள்ளுகிறவர்களிடம் சண்டை போடவும் முடியாது. செம்பூரில் ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போனோம். பெயரை எழுதிக்கொண்டு, இடம் வந்தால் சொல்கிறோம் என்றார்கள். இன்றுவரை சொல்லவில்லை. ஆவது ஆகட்டும் என்று, கூரியர் ஆபீஸில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, நானே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தது நான் மட்டும்தான். தாராவியில் எங்கள் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் செங்குத்தான இரும்பு ஏணி. அவள் தினமும் காலையில் தானாகவே யூனிபாரம் போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். பள்ளி இல்லை என்றால் தலையைச் சுவரில் மோதுவாள். நான் நோட்டை விரித்தால் தூக்கி வீசுவாள். அம்மா என்றால் சோறு, குளியல், தலை சீவுவது. அம்மா பாடம் நடத்துவது என்பது அவள் உலகத்தில் கிடையாது.

மூன்றாவது வாரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. கூரியர் ஆபீஸில் கழுத்தில் மாட்டிக்கொள்ள நீல நாடாவோடு ஓர் அடையாள அட்டை கொடுத்திருந்தார்கள், அவள் பள்ளி டீச்சர்கள் மாட்டியிருப்பது போலவே. வேலையை விட்டபோது அதைத் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தேன். அன்று காலை, அம்மா கடைக்குப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வெளியே போனேன். சந்து முனையில் நின்று கொண்டையை இறுக்கிப் போட்டு, அட்டையை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். அவளுடைய பள்ளியில் பேசுகிற மாதிரியே இந்தியில், "குட் மார்னிங், சலோ, ஊப்பர் பைட்டோ" என்றேன். மேலே போய் உட்கார் என்று. அவள் அட்டையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, எப்போதும் பார்ப்பதில்லை. பிறகு ஏணியில் ஏறிப் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

"குட் மார்னிங் டீச்சர்."

அன்று இரவு அவள் தூங்கிய பிறகு நான் சந்தோஷத்தில் அழுதேன். ஒரு வருடத்தில் அவள் தன் பெயரை எழுதினாள், என் போன் நம்பரை ஒப்பித்தாள், சட்டைப் பொத்தானைத் தானே போட்டாள். ஸ்டேஷன் இண்டிகேட்டரைப் பார்த்து எந்த லோக்கல் ரயில் எங்கே போகிறது என்று சொன்னாள். பகல் ஒரு மணிக்கு டீச்சர் ‘பை பை’ சொல்லிவிட்டு வெளியே போவாள். ஐந்து நிமிடம் கழித்து அம்மா காய்கறிப் பையோடு வருவாள். சந்தில் எல்லோருக்கும் இது வேடிக்கை. "என்ன டீச்சரம்மா, டியூட்டி முடிஞ்சிட்டா?" என்பாள் எதிர்வீட்டு அக்கா.

தவறு அதற்கப்புறம்தான் நடந்தது. டீச்சருக்கு அவள் அடங்குவாள், அம்மாவுக்கு அடங்க மாட்டாள். ஒரு நாள் மருந்து குடிக்க மறுத்து என் கையைக் கடித்துவிட்டாள். வெளியே போய் அட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றேன். ஒரே மடக்கில் குடித்தாள். மறுநாள் குளிக்க வைக்கவும் அட்டை. பிறகு சாப்பாட்டுக்கு, தூங்க வைக்க. வசதியாக இருந்தது, வேறென்ன சொல்ல. கடி வாங்கி வாங்கி நான் களைத்துப்போயிருந்தேன். அட்டை கழுத்திலேயே கிடந்தது.

என் கணவர் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறவர். அதிகம் பேச மாட்டார். அவரே ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"ஏட்டி, சோறு போடுத நேரத்துலகூட எதுக்கு அத மாட்டிக்கிட்டு அலையுத? பிள்ள அம்மான்னு கூப்பிட்டு எத்தன நாளாச்சு தெரியுமா?"

"ஒரு நாள் நீங்க அவள குளிக்க வச்சுப் பாருங்க. பொறவு பேசுங்க" என்றேன்.

அவர் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். நான் அன்றைக்காவது நாட்களை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் காலை காய்ச்சல் ஏறி, கண்ணை மூடியபடி "அம்மா, அம்மா" என்று முனகினாள். எத்தனையோ மாதம் கழித்து அந்தச் சொல்லைக் கேட்கிறேன். குனிந்து அவள் கன்னத்தோடு கன்னம் வைத்து, "அம்மா இங்கதான இருக்கேன்" என்றேன். அவள் கண்ணைத் திறந்தாள். ஊசிக்குக் கையை நீட்ட வேண்டுமே என்று மாட்டியிருந்த அட்டை அவள் நெஞ்சின்மேல் கிடந்தது. என்னைத் தள்ளிவிட்டாள்.

"டீச்சர், அம்மா கோ புலாவோ."

அம்மாவைக் கூப்பிடச் சொல்லி என்னிடமே கேட்டாள்.

அட்டையைக் கழற்றிக் கட்டிலில் போட்டேன். கொண்டையை அவிழ்த்துவிட்டேன். அவள் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். டீச்சர் எதையாவது தவறவிட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

என் கணவர் அட்டையை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வெளிய போயிட்டு வாட்டி. எப்பவும் வருத மாதிரி அம்மாவா வா" என்றார். நான் படியிறங்கிப் போய், மழையைப் பார்த்தபடி கீழே ஐந்து நிமிடம் நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்து நின்றதில்லை. பையில்லாமல் அம்மா வந்ததே இல்லையே என்று, வாசலில் வாழைப்பழம் வாங்கிப் பையோடு மேலே ஏறினேன்.

அவள் பையைப் பார்த்தாள். வெறும் கழுத்தைப் பார்த்தாள். பிறகு, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"டீச்சர், அம்மா கப் ஆயேகி?"

அம்மா எப்போது வருவாள்?

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழக்கூட வழியில்லை. டீச்சர் அழுது அவள் பார்த்ததில்லை, பயந்துவிடுவாள். கொண்டையை முடிந்துகொண்டு, அவரிடமிருந்து அட்டையை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

"ஆ ரஹி ஹை" என்றேன். வந்துகொண்டிருக்கிறாள்.

டீச்சர் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. நர்சிடம் ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு, அம்மா வருகிறாளா என்று கதவையே பார்த்தபடி படுத்திருந்தாள்.