அருவி பார்க்கப் போன சமையல் வண்டி

அந்தப் பயணத்தில் அப்பா, அம்மா, தங்கை, மாமா, நான் என ஐந்து பேர் இருந்தோம். இல்லாதவர் ஒருவர்தான்: வண்டியின் சொந்தக்காரர். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, வல்லக்கோட்டை முருகன் சன்னிதியில் பூஜை போட்டுவிட்டு வா என்று மாமாவிடம் சொல்லிவிட்டு அவர் ஊருக்குப் போயிருந்தார். மாமா வல்லக்கோட்டைக்குப் போகத்தான் செய்தார். பூஜை முடிந்து வண்டி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

அது 1991. அம்மாவின் தம்பியான மாமா, வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணச் சமையல் கான்ட்ராக்டரிடம் வேன் ஓட்டினார். அந்த வேனே ஒரு வீடு. இரு பக்கமும் படுக்கப் பலகை, அதன் அடியில் அடுப்பு, மூலையில் தண்ணீர் டிரம், கூரையில் தொங்கும் கரண்டிகள். புரட்டாசியில் முகூர்த்தம் இல்லாததால் வண்டி சும்மா நின்றது.

போனதற்குக் காரணம் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் அருவி வந்தது. அது எப்படி இருக்கும் என்று வீட்டில் கேட்டேன்.

"நம்ம ஏரி கலங்கல்ல தண்ணி வழியுதே, அதான்டா" என்றாள் அம்மா.

"அத்தவிட கொஞ்சம் ஒசரமா இருக்கும்" என்றார் அப்பா, நேரில் அளந்தவர்போல.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, படிக்கிற புள்ள இவன். கலங்கலப் பாத்துட்டு அருவின்னு எழுதுனா வாத்தியாரு சிரிக்க மாட்டாரு?"

அவரும் அருவியைப் பார்த்ததில்லை. ஆனாலும் திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் என்று வழி விசாரித்துக்கொண்டே ஓட்டினார். சாயங்காலம் ஆந்திரப் பக்கத்து மலையடிவாரத்தில் ஓர் ஓடையோரம் நிறுத்தினோம். நூறு பேருக்குக் கிண்டும் சட்டியில் அம்மா ஐந்து பேருக்கு உப்புமா கிண்டினாள். சட்டியின் அடியில் உப்புமாவைத் தேட வேண்டியிருந்தது. பலகையில் படுத்துக்கொண்டு ஓடைச் சத்தம் கேட்டபடி தூங்கியதைப்போல ஒரு தூக்கம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

காலையில்தான் அந்தத் தப்பு நடந்தது. பூஜைக்குக் கழுவிய வண்டி வந்த வழியில் மறுபடி சேறாகியிருந்தது. எங்கள் ஊரில் வண்டி கழுவுவதென்றால் ஏரிக்குள் இறக்கி, சேறு ஊறட்டும் என்று விட்டுவிட்டு வருவார்கள். ஏரித் தண்ணீர் வைத்த இடத்தில் இருக்கும். மாமாவும் அப்படியே முழங்கால் தண்ணீரில் வேனை இறக்கினார். "ஊறிகினு இருக்கட்டும். அதுக்குள்ள அருவியப் பாத்துட்டு வந்துரலாம்."

பாறைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. போகப் போக இரு பக்கமும் மலை நெருங்கி, வானம் ஒரு வேட்டி அகலத்துக்குச் சுருங்கியது. முடிவில் அருவி. அம்மா அண்ணாந்து பார்த்தபடி, "இத்தப் போயி கலங்கல்னேனே" என்றாள். அப்பா உயரத்தை அளக்கக் கையைத் தூக்கி, பாதியில் இறக்கிவிட்டார். எல்லோரும் குளித்தோம்.

"அம்மா, தண்ணி டீ மாதிரி ஆயிடுச்சு" என்றாள் தங்கை. சருகும் குச்சியும் மிதந்து வந்தன. எங்கள் தலைக்கு மேலே வெயில்தான். மழை எங்கோ மலைக்குப் பின்னால் பெய்திருந்தது. மாமாவின் முகம் மாறியது. "வண்டி!" என்று ஓடினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் கதவு வரை ஏறி, வேனைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டிருந்தது. அண்டா கட்டும் கயிற்றின் ஒரு முனையைப் பம்பரில் மாட்ட மாமா உள்ளே இறங்கினார். "வண்டி போனா போவுதுடா, நீ மேல வா!" என்று அம்மா கத்தினாள். "வண்டி போனா எனக்கு வேலையும் போச்சுக்கா!" அப்பா மறுமுனையை ஒரு மரத்தில் சுற்றினார். சத்தம் கேட்டு விறகு வெட்டுகிறவர்கள் ஓடிவந்தார்கள். அவர்கள் தெலுங்கில் கத்த, நாங்கள் தமிழில் கத்த, வண்டி எந்தப் பாஷைக்கோ கட்டுப்பட்டு அங்குலம் அங்குலமாகக் கரையேறியது. திறந்த பின்கதவு வழியே இரண்டு அண்டாக்கள் மட்டும் ஓடையோடு போய்விட்டன. இன்ஜின் மூச்சு விடவில்லை.

லாரி பிடித்து இழுக்க ஆள் அனுப்பிவிட்டு, மாமா என் கையைப் பிடித்தார். "வாடா, இப்பதான் அருவி நல்லாக் கொட்டும். வந்தது வந்தாச்சு, முழுசாப் பாத்துக்க."

"இவனுக்கு இன்னா நெஞ்சழுத்தம் பாரு" என்றார் அப்பா.

மேட்டுப் பாறையில் நின்று பார்த்தோம். மலையே கரைந்து விழுவதுபோல இருந்தது. மாமா வெகுநேரம் எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். அருவி அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்து நானும் சந்தோஷப்பட்டேன்.

அரையாண்டுத் தேர்வில் அருவியைப் பற்றிக் கேள்வியே வரவில்லை. ஏமாற்றத்தோடு மாமாவிடம் சொன்னேன். "வராட்டி போவுது. நீ பாத்தியா இல்லியா?" என்று சிரித்தார். அன்று சட்டைப் பைக்குள் எனக்காகக் கடலை மிட்டாய்கூட வைத்திருந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் கொண்டுவந்த அன்றுதான் அம்மா சொன்னாள். முதலாளி மாமாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்த மனுஷனுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். நஷ்டத்தை மட்டும் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டார். மாமா தன் கல்யாணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைத்தது அதனால்தானாம். இழுத்து வந்த லாரி, இன்ஜின் வேலை, போன அண்டாக்கள் என எல்லாம் சேர்த்து, எனக்கு ஓர் அருவியைக் காட்ட அவர் கொடுத்தது இரண்டாயிரத்து நூறு ரூபாய்.